விசுவாசத்தினால்தான் இரட்சிப்பு என்றால் நற்கிரியைகள் எதற்கு?

நீங்கள் கேட்டிருப்பது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் அதற்குள் மூன்று இருக்கின்றன. மனுஷன் நியாயப்பிரமாணத்தின் (மோசேயின் சட்டத்தின்) கிரியைகள் இல்லாமல் விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுகிறான் என்று பவுல் எழுதிய ரோமர் 3:28 சொல்கிறது. விசுவாசத்தினால் மாத்திரமல்ல, கிரியைகளினாலும்தான் என்று யாக்கோபு 2:24 சொல்கிறது. இதில் எது சரி என்பது முதலாவது. உங்கள் சபையில் விசுவாசம் மட்டும் போதும் என்கிறார்கள், கத்தோலிக்கரான அலுவலக நண்பர் செயல் இல்லாமல் மீட்பு இல்லை என்கிறார், யாரை நம்புவது என்பது இரண்டாவது. வேலை கிடைத்தால் 25,000 ரூபாய் காணிக்கை தருவதாகப் பொருத்தனை (நேர்ச்சை) பண்ணினீர்கள், கிடைத்து ஒன்றரை வருஷமாகியும் செலுத்த முடியவில்லை, இதனால் இரட்சிப்பு போய்விடுமா என்பது மூன்றாவது. அதைக் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான் என்று படுகிறது. அதற்கும் வருகிறேன். இந்த இரண்டு நிருபங்களையும் பல வருஷமாகப் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், முதல் இரண்டும் தெளிந்தால்தான் மூன்றாவதற்குப் பதில் கிடைக்கும்.

முதலில் சொற்கள். பாதிச் சண்டை அங்கேயே இருக்கிறது. விசுவாசம் என்று நாம் வாசிக்கும் இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது பிஸ்டிஸ். ஒருவரை நம்புவதும் பிஸ்டிஸ்தான், நம்பியவரிடம் உண்மையாக நடந்துகொள்வதும் பிஸ்டிஸ்தான். சபைக்கு வெளியே தமிழில் விசுவாசம் என்றால் என்ன? உப்பிட்டவரை மறக்காமல் இருப்பது. விசுவாசமான நாய் என்று சொல்லும்போது, எஜமான் ஒருவர் உண்டென்று அது ஒத்துக்கொள்கிறது என்றா அர்த்தம்? தெருவில் புழங்கும் பொருள் கிரேக்கச் சொல்லின் ஒரு பாதியைச் சரியாகவே பிடித்து வைத்திருக்கிறது. சபைக்குள் வந்ததும்தான் அது ‘சில விஷயங்களை உண்மை என்று ஒத்துக்கொள்வது’ என்று சுருங்கிப்போகிறது. கிரியைக்கு வேறு தொல்லை. வெளியே கிரியை என்றால் இழவு வீட்டுச் சடங்கு. சைவத்திலோ சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கில் இரண்டாவது. கிரேக்கத்தில் எர்கோன் என்பது வெறும் வேலை, செயல்.

நீதிமானாக்கப்படுதல் என்பது நீதிமன்றச் சொல். வழக்கு வந்தால் நீதிமானை நீதிமான் என்றும் குற்றவாளியைக் குற்றவாளி என்றும் தீர்க்கவேண்டும் என்று உபாகமம் 25:1 சொல்கிறதே, அந்தத் தீர்ப்புதான் அடிப்படைப் பொருள். லத்தீனில் அது ‘நீதியுள்ளவனாகச் செய்தல்’ என்று பொருள்படும் சொல்லாகப் பெயர்க்கப்பட்டது. மேற்கத்திய சபையின் சிந்தனை பல நூற்றாண்டுகள் அந்த வழியில் ஓடியது. தீர்ப்பா, மாற்றமா என்ற வேறுபாட்டில்தான், கத்தோலிக்கரும் புரொட்டஸ்டண்டுகளும் பிரிந்த 16ஆம் நூற்றாண்டுச் சண்டையின் ஒரு வேர் இருக்கிறது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தமிழ்ப் புரொட்டஸ்டண்டுகள் வாசிக்கும் ‘நீதிமானாக்கப்படுதல்’ என்ற சொல்லில் உள்ள ‘ஆக்கு’ கத்தோலிக்க விளக்கத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் உள்ள ‘கடவுளுக்கு ஏற்புடையவர்’ என்பதோ சீர்திருத்தவாதி லூத்தரின் விளக்கத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. உங்கள் நண்பரும் நீங்களும் வேதாகமத்தை மாற்றி வைத்துக்கொண்டு ஒரு வாரம் வாசித்தாலே பேச்சின் சூடு கொஞ்சம் தணியும்.

இனி பவுல். அவர் வெறுமனே கிரியைகள் என்று சொல்லவில்லை, நியாயப்பிரமாணத்தின் கிரியைகள் என்கிறார். எந்தச் சூட்டில் அந்தச் சொல் பிறந்தது என்பதை கலாத்தியர் 2ஆம் அதிகாரத்தில் பார்க்கலாம். அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாதவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்ததும் பயந்து பந்தியிலிருந்து விலகிக்கொள்கிறார். பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரைக் கடிந்துகொள்கிறார். ஆக அங்கே எழுந்த சண்டை ஏழைக்குச் சோறு போடலாமா வேண்டாமா என்பதைப் பற்றியது இல்லை. விருத்தசேதனமும் (ஆண்குறியின் நுனித்தோலை அகற்றும் யூதச் சடங்கு) உணவு விதியும் இல்லாத ஒருவனை ஒரே பந்தியில் சமமாக உட்கார வைக்கலாமா என்பதுதான் கேள்வி. பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்று பார்க்கும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. சாக்கடல் ஓரம் கும்ரானில் கிடைத்து 1994இல் பதிப்பிக்கப்பட்ட ஓர் எபிரெயச் சுவடியிலும் இதே சொற்றொடர் வருகிறது. அங்கே அது பலி, தீட்டு, சுத்தம் பற்றிய விதிகளைக் குறிக்கிறது.

இதுவரை உறுதி. சந்தேகத்துக்கு இடமானது அடுத்த படி. பவுல் மறுப்பது இந்த அடையாள விதிகளை மட்டுமா, மனித முயற்சி அனைத்தையுமா? கடந்த ஐம்பது வருஷமாக அறிஞர்கள் இதில் இரண்டு அணியாக நிற்கிறார்கள். என் கணிப்பு, சண்டை பந்தியில் தொடங்கினாலும் பவுல் அங்கே நிற்கவில்லை. ரோமர் 4:4இல் அவர் எடுப்பது கூலிக் கணக்கு. வேலை செய்தவனுக்குக் கொடுக்கும் கூலி தயவு ஆகாது, அது கொடுத்தே தீரவேண்டிய கடன். கடவுளைக் கடன்காரராக்கும் எந்தச் செயலும், விருத்தசேதனமோ உபவாசமோ அன்னதானமோ, அந்த வலைக்குள் வந்துவிடுகிறது. ஆனால் அதே பவுல் கலாத்தியர் 5:6இல் ‘அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசமே உதவும்’ என்கிறார். எபேசியர் 2:8, 9 வசனங்களை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் பலர் 10ஆம் வசனத்துக்குப் போவதில்லை. கிரியைகளினால் இரட்சிப்பு உண்டாகவில்லை என்று சொன்ன கையோடு, நற்கிரியைகளைச் செய்வதற்கே நாம் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்று அங்கே எழுதியிருக்கிறது. நற்கிரியைகள் ஒழிந்துபோகவில்லை. வாக்கியத்தில் அவற்றின் இடம்தான் மாறியிருக்கிறது.

யாக்கோபு வேறொரு ஆளோடு வழக்காடுகிறார். 2:14ஐக் கவனமாக வாசியுங்கள். ஒருவன் தனக்கு விசுவாசமுண்டென்று ‘சொல்லியும்’ கிரியைகளில்லாதவனானால் என்று தொடங்குகிறார். வாயால் சொல்கிற விசுவாசம். அடுத்த வசனங்களில் உடுத்தத் துணியில்லாமல், அன்றாடச் சாப்பாடு இல்லாமல் ஒரு சகோதரனோ சகோதரியோ நிற்கிறார்கள். ‘சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்’ என்று ஆசீர்வாதம் சொல்லி அனுப்புகிறார்கள். கையில் ஒன்றும் கொடுக்கவில்லை. தேவன் ஒருவர் உண்டென்று பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று 19ஆம் வசனத்தில் அவர் சொல்வது அந்த விசுவாசத்தைத்தான். கொள்கையில் ஒரு பிழையும் இல்லாத பிசாசு! நிருபம் முழுவதையும் தேடிப்பாருங்கள், விருத்தசேதனம், ஓய்வுநாள், உணவு விதி என்று ஒரு சொல் இருக்காது. பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம், கந்தை உடுத்தியவனுக்குக் காலடி, கூலியைப் பிடித்துக்கொள்ளுதல், விதவைகளையும் திக்கற்ற பிள்ளைகளையும் விசாரித்தல், நாக்கு. யாக்கோபின் கிரியைகள் இவைதான். பவுல் தள்ளுகிற கிரியையை யாக்கோபு கேட்கவில்லை. யாக்கோபு செத்தது என்கிற விசுவாசத்தைப் பவுல் விசுவாசம் என்றே எண்ணவில்லை.

இருவரும் ஆபிரகாமைச் சாட்சிக்கு அழைப்பதுதான் இதில் மிகவும் சுவையான இடம். ஆதியாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வயதை எண்ணுங்கள். ‘கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார்’ என்பது 15:6. அதன்பின் இஸ்மவேல் பிறக்கும்போது ஆபிராமுக்கு வயது 86 (16:16). விருத்தசேதனம் நடக்கும்போது 99, இஸ்மவேலுக்கு 13 (17:24, 25). ரோமர் 4:10இல் பவுல் கேட்கும் கேள்வியின் கூர்மை இந்த எண்களில்தான் இருக்கிறது: நீதி எண்ணப்பட்டது விருத்தசேதனத்துக்கு முன்பா, பின்பா? முன்பு, அதுவும் குறைந்தது 13 வருஷம் முன்பு. யாக்கோபு எடுப்பது 22ஆம் அதிகாரம், ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்தின சம்பவம். ஈசாக்கு பிறக்கும்போது தகப்பனுக்கு 100. விறகைத் தூக்கிக்கொண்டு மலையேறும் வயது பையனுக்கு அப்போது. அப்படியானால் 15:6க்கும் இதற்கும் இடையில் 20 வருஷத்துக்குக் குறையாது. யாக்கோபு 15:6ஐ மறுக்கவில்லை, 2:23இல் அதையே மேற்கோள் காட்டி, அந்த வசனம் ‘நிறைவேறிற்று’ என்கிறார். ஒருவர் கணக்குத் திறந்த நாளைக் காட்டுகிறார். மற்றவர் இருபது வருஷம் கழித்து அந்தக் கணக்கு உயிரோடு இருந்ததைக் காட்டுகிறார்.

இதிலும் தீராத ஓர் இழை உண்டு, அதை மறைத்துவிட்டுப் போவது நேர்மையாகாது. யாக்கோபு நீதிமானாக்கப்படுதல் என்ற சொல்லை ‘நீதிமான் என்று வெளியே நிரூபிக்கப்படுதல்’ என்ற பொருளில் சொல்கிறாரா, கடைசி நாள் தீர்ப்பைச் சொல்கிறாரா? முதல் பொருளுக்கு லூக்கா 7:35 துணை நிற்கிறது. அங்கே ஞானம் தன் பிள்ளைகளால் நீதியுள்ளதென்று ஒப்புக்கொள்ளப்படுகிறது, அதே வினைச்சொல். ஆனால் 2:14இல் ‘அந்த விசுவாசம் அவனை இரட்சிக்குமா’ என்று யாக்கோபு கேட்பதால், வெறும் நிரூபணத்தோடு விஷயம் முடிகிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை. பவுலே ரோமர் 2:6இல் தேவன் அவனவன் கிரியைகளுக்குத் தக்கதாய் அவனவனுக்குப் பலனளிப்பார் என்கிறாரே. யாக்கோபு பவுலின் நிருபத்தைப் படித்துவிட்டு மறுப்பு எழுதினாரா, காதில் விழுந்த சிதைந்த வடிவத்துக்குப் பதில் எழுதினாரா, இருவரும் தனித்தனியாக எழுதினார்களா என்பதற்கும் முடிவான சான்று கிடையாது. மேடையில் அடித்துச் சொல்கிறவர்கள் ஊகத்தைச் சொல்கிறார்கள்.

உங்கள் நண்பர் விஷயம். 1522இல் வெளிவந்த ஜெர்மன் புதிய ஏற்பாட்டில் மார்ட்டின் லூத்தர் ரோமர் 3:28இல் கிரேக்கத்தில் இல்லாத ‘மட்டும்’ என்ற சொல்லைச் சேர்த்தார். 1530இல், ஜெர்மன் மொழியின் இயல்பு அதைக் கேட்கிறது, வசனத்தின் கருத்தும் அதுதான் என்று பகிரங்கக் கடிதம் எழுதி வாதாடினார். வேதாகமத்தில் ‘விசுவாசத்தினால் மாத்திரம்’ என்ற சொற்சேர்க்கை வருவது ஒரே இடத்தில், யாக்கோபு 2:24இல். அதுவும் ‘அல்ல’ என்ற சொல்லோடு. கத்தோலிக்கர் இதைச் சொல்லிக் காட்டும்போது நம்மவர்கள் திகைத்துப்போகத் தேவையில்லை, மறுக்கவும் கூடாது. யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் நிருபம் என்று 1522 முன்னுரையில் லூத்தர் எழுதியதும் உண்மை, பிந்தைய பதிப்புகளில் அந்த வரி நீக்கப்பட்டதும் உண்மை. அதே 1522இல் ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையில், விசுவாசம் உயிருள்ளது, சும்மா இருக்கத் தெரியாதது, நன்மை செய்யவேண்டுமா என்று கேட்பதற்கு முன்பே செய்துவிட்டிருக்கும் என்ற கருத்தையும் அவர்தான் எழுதினார்.

இரண்டு பக்கமும் மற்றவரைப் பற்றிச் சொல்லும் குற்றச்சாட்டு ஆவணங்களில் நிற்பதில்லை. கத்தோலிக்கர் கிரியைகளால் பரலோகத்தை வாங்கப் பார்க்கிறார்கள் என்பது நம் பக்கத்துப் பேச்சு. கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் 1547 ஜனவரி 13இல் வெளியிட்ட 33 கண்டன விதிகளில் முதலாவதே, கிறிஸ்துவின் அருள் இல்லாமல் தன் செயல்களால் மனிதன் ஏற்புடையவனாக முடியும் என்கிறவனைச் சபிக்கிறது. விசுவாசம் மட்டும் என்கிறவர்கள் எப்படியும் வாழலாம் என்கிறார்கள் என்பது அவர்கள் பக்கத்துப் பேச்சு. புரொட்டஸ்டண்டுகள் 1646இல் வரைந்த வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையின் 11ஆம் அதிகாரம், நீதிமானாக்கப்படுவதற்கு விசுவாசமே ஒரே கருவி, ஆனால் நீதிமானாக்கப்பட்டவனிடத்தில் அது ஒருபோதும் தனியாக இருப்பதில்லை, செத்த விசுவாசமாகவும் இருப்பதில்லை என்கிறது. 1999 அக்டோபர் 31இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதி எதையும் பார்க்காமல், கிருபையினால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில் கடவுளால் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம், பரிசுத்த ஆவியைப் பெறுகிறோம், அவர் நம்மை நற்செயல்களுக்குத் தகுதிப்படுத்தி அழைக்கிறார் என்பது அதன் 15ஆம் பத்தியின் சாரம். மெத்தடிஸ்டுகள் 2006இலும் சீர்திருத்த சபைகள் 2017இலும் அதில் சேர்ந்துகொண்டார்கள். தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அந்தக் கூட்டமைப்பின் உறுப்பு சபை என்பதால் இது எங்கோ ஐரோப்பாவில் நடந்த காரியம் மட்டும் அல்ல. எல்லாம் தீர்ந்தது என்றும் எண்ணவேண்டாம். நற்செயல்களுக்குப் பலன் உண்டா, உத்தரிக்கிற ஸ்தலம் (மரித்தவர்கள் சுத்திகரிக்கப்படும் நிலை), ஞானப்பலன்கள் (பாவத்துக்கான தண்டனையைத் திருச்சபை குறைப்பது), இரட்சிப்பின் நிச்சயம் ஆகியவற்றில் வேறுபாடு இருக்கிறது. பலன் என்ற சொல்லுக்குக் கத்தோலிக்கர் அகுஸ்தினாரைக் காட்டுவார்கள்: நம் பலன்களுக்கு முடிசூட்டும்போது கடவுள் தம் கொடைகளுக்கே முடிசூட்டுகிறார் என்றார் அவர். அது நல்ல பதில்தான். சாதாரண ஜனங்களின் காதில் அது அப்படி விழுகிறதா என்பது வேறு கேள்வி.

காகிதத்தில் இவ்வளவு தெளிவு இருந்தும் வாழ்க்கையில் கெட்டுப்போவது வரிசை தலைகீழாவதால். கத்தோலிக்கப் பாவசங்கீர்த்தனத்தில் குருவானவர் மன்னிப்பு மொழியைச் சொல்லிவிடுகிறார், அவர் இட்ட அபராதத்தை அதன்பிறகே நிறைவேற்றுகிறார்கள். மன்னிப்பு முன்னே, செயல் பின்னே. ஆனால் ‘பத்து அருள்நிறை ஜெபம் சொன்னதால் மன்னிப்பு’ என்று மனம் மாற்றி எழுதிக்கொள்கிறது. நம் பக்கத்தில் இதே நோய் வேறு வடிவத்தில் வருகிறது. கூட்டத்தில் கை உயர்த்தின நாளையும் ஞானஸ்நானத் தேதியையும் சான்றிதழ் போல வைத்துக்கொள்கிறோம். ‘என் விசுவாசம் போதுமா’ என்று அளக்கத் தொடங்கினால் விசுவாசமே ஒரு கிரியை ஆகிவிடுகிறது, அதற்குக் கூலி எதிர்பார்க்கிறோம். சுகம் கிடைக்காதவர்களிடம் ‘விசுவாசக் குறைவு’ என்று சொல்வது இந்தக் கூலிக் கணக்கேதான். கடுகுவிதையளவு போதும் என்று மத்தேயு 17:20இல் சொன்னவர் அளவை முக்கியமாக்கவில்லை. பலமில்லாத கைப்பிடிச்சுவரை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்தாலும் விழுவோம், உறுதியான சுவரை நடுங்கும் கையால் பிடித்தாலும் நிற்போம். விதைக் காணிக்கை போட்டால் நூறு மடங்கு என்ற போதகத்தை நான் இந்த நோயின் முற்றிய நிலையாகப் பார்க்கிறேன். அதில் விசுவாசமும் இல்லை, நற்கிரியையும் இல்லை, வட்டிக்கணக்குதான் இருக்கிறது.

அப்படியானால் நற்கிரியையை எப்படிச் செய்வது என்று கேட்பீர்கள். தானத்துக்கு முன்னால் பாக்கியைத் தீர்ப்பதுதான் வேதாகமம் காட்டும் வரிசை. லேவியராகமம் 6:5இன்படி ஏமாற்றி எடுத்ததை முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் திருப்பவேண்டும். 10,000 எடுத்திருந்தால் 12,000. குற்றநிவாரணபலி அதோடு சேர்ந்தே வருகிறது, இதற்குப் பதிலாக வருவதில்லை. மத்தேயு 5:23, 24இல் காணிக்கையைப் பலிபீடத்துக்கு முன்னாலேயே வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிறார் இயேசு. வீட்டு வேலைக்காரம்மாவுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்துவிட்டு ஆலயத்துக்கு மின்விசிறி வாங்கிக் கொடுப்பது யாக்கோபு 5:4இன் நேரடி இலக்கு. அறுப்பறுத்தவர்களின் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறது அந்த வசனம். வரி வசூலிப்பவனான சகேயு ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்கும், அநியாயமாய் வாங்கினதற்கு நாலு மடங்கும் தருவதாகச் சொன்னதைப் பாருங்கள். ஆனால் இயேசு ‘இன்றைக்கு உன் வீட்டிலே தங்கவேண்டும்’ என்று கூப்பிட்டது அவன் அதைச் சொல்வதற்கு முன்பு. காட்டத்தி மரத்தில் இருக்கும்போதே அழைப்பு வந்துவிட்டது.

அடுத்தது, கொடுப்பதை உணர்ச்சியின் கையில் விடாமல் இருப்பது. எருசலேமின் ஏழைகளுக்காகப் பணம் சேர்த்த பவுல், வாரத்தின் முதல்நாள்தோறும் அவனவன் வரவுக்குத் தக்கபடி எடுத்து வைக்கச் சொன்னார் (1 கொரிந்தியர் 16:2). தான் வரும்போது வசூல் நடக்கக்கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. மேடையில் பாட்டும் கண்ணீருமாகக் காணிக்கை எடுப்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தப் பணத்தைத் தனியாளாக எடுத்துக்கொண்டு போகவும் அவர் சம்மதிக்கவில்லை, ஒருவரும் குற்றப்படுத்தாதபடிக்குக் கூட ஆட்களை அனுப்பினார் (2 கொரிந்தியர் 8:20). இடதுகைக்குத் தெரியாமல் கொடுப்பதும் கணக்கு வழக்கு சுத்தமாக இருப்பதும் முரண் அல்ல. முன்னது கொடுப்பவருக்கு, பின்னது வாங்கி நிர்வகிப்பவருக்கு. விழுந்துவிட்டால் 1 யோவான் 1:9இன்படி அறிக்கை செய்து எழுந்திருங்கள். விழுந்ததற்கு ஈடாகக் காணிக்கையை இரட்டிப்பாக்குவது மறுபடியும் கூலிக்கணக்குக்குள் இழுத்துவிடும்.

அப்படியானால் இரட்சிப்பின் நிச்சயம் எப்படி வரும் என்று கேட்பீர்கள். தன் நற்கிரியைகளை எண்ணிப் பார்த்து நிச்சயம் தேடுகிறவர் ஒன்று பெருமையில் முடிவார், இல்லாவிட்டால் பயத்தில் முடிவார். யோவான் தன் முதல் நிருபத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். சகோதரரிடத்தில் அன்புகூருவதால் மரணத்தைவிட்டு நீங்கினோம் என்று அறிகிறோம் (3:14), ஆனால் நம் இருதயமே நம்மைக் குற்றப்படுத்தினாலும் தேவன் இருதயத்திலும் பெரியவர் (3:20). கிரியைகள் அடையாளம், அஸ்திவாரம் வேறு. மத்தேயு 25இல் வலதுபக்கம் நிற்பவர்கள் பசித்தவனுக்குக் கொடுத்ததையும் சிறையில் பார்த்ததையும் கணக்கு வைத்திருக்கவில்லை, ‘எப்பொழுது செய்தோம்’ என்று கேட்கிறார்கள். சிலுவையில் தொங்கின கள்ளனுக்கு நற்கிரியை செய்ய நேரமே இல்லை என்பது வழக்கமான உதாரணம். லூக்கா 23:40, 41ஐ மறுபடி வாசியுங்கள். கை கால் அசையாத நிலையிலும் பக்கத்தில் நிந்தித்தவனைக் கண்டிக்கிறான், தன் குற்றத்தை ஒத்துக்கொள்கிறான், நிரபராதிக்காகப் பரிந்து பேசுகிறான். மிச்சமிருந்தது நாக்கு ஒன்றுதான். அதைச் சரியாகச் செலவழித்திருக்கிறான்.

விசுவாசமே இல்லாமல் நல்லது செய்யும் பிற மதத்தினர் என்ன ஆவார்கள் என்பதில் சபைகள் ஒத்த கருத்தில் இல்லை. 1571இன் ஆங்கிலிக்கன் 39 விதிகளில் 13ஆவது கடுமையாகப் பேசுகிறது, 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கதவைத் திறந்து வைத்துப் பேசுகிறது. யூதரல்லாத ரோமப் படைத்தலைவன் கொர்நேலியுவின் ஜெபங்களும் தருமங்களும் பேதுரு வருவதற்கு முன்பே தேவசந்நிதியில் எட்டின என்பது அப்போஸ்தலர் 10:4இல் இருக்கிறது, பேதுருவை அழைத்தனுப்பச் சொன்னதும் அடுத்த வசனத்தில் இருக்கிறது. இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டு, தீர்ப்பைத் தீர்ப்பு சொல்லவேண்டியவரிடம் விட்டுவிடுவேன்.

இப்போது உங்கள் பொருத்தனை. இரட்சிப்பு அந்த 25,000 ரூபாயில் தொங்கவில்லை. தொங்கினால் அது கிருபை அல்ல, தவணைக் கடன். அதற்காகச் சொன்ன சொல்லை மறந்துவிடலாம் என்றும் அர்த்தமில்லை. உபாகமம் 23:21 முதல் 23 வரை வாசித்தால், பொருத்தனை பண்ணாமலிருந்தால் பாவம் இல்லை, பண்ணினால் தாமதிக்காமல் செலுத்து என்றிருக்கும். அதே நியாயப்பிரமாணம் முடியாதவனையும் நினைத்திருக்கிறது. லேவியராகமம் 27இல் 20 முதல் 60 வயதுள்ள ஆணைப் பொருத்தனை செய்தால் 50 வெள்ளிச் சேக்கல் என்று மதிப்பு வைத்துவிட்டு, 8ஆம் வசனத்தில், அவ்வளவு கொடுக்க முடியாத ஏழையானால் ஆசாரியன் முன்பாக வந்து நிற்கட்டும், அவன் திராணிக்கேற்றபடி ஆசாரியன் மதிப்பிடட்டும் என்கிறது. ஆகவே உங்கள் போதகரிடம் போய் உள்ள நிலவரத்தைச் சொல்லுங்கள். மாதம் 1,000 என்று 25 மாதமோ, குறைத்த தொகையோ, அவரோடு பேசி முடிவு செய்யுங்கள். கடன் வாங்கிச் செலுத்தாதீர்கள். அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரையும் கண் அறுவை சிகிச்சையும் இருப்பதாக எழுதியிருந்தீர்களே, அந்தப் பணத்தை எடுத்துச் செலுத்தவே செலுத்தாதீர்கள். தாய் தகப்பனுக்குச் சேரவேண்டியதைக் கொர்பான், அதாவது காணிக்கை, என்று சொல்லி ஒதுக்கினவர்களிடம் இயேசு என்ன சொன்னார் என்பது மாற்கு 7:11 முதல் 13 வரை இருக்கிறது. போதகரைப் பார்க்கப் போகும்போது அந்தப் பகுதியையும் குறித்துக்கொண்டு போங்கள்.